பட்டாளத்து வேலிக்குள்ளே

அமெரிக்க நாட்டுப் புளோரிடாக் கடற்கரையிலே கேப் கனாவெரல் என்றொரு நிலமுனை. பட்டாளத்துக்குச் சொந்தமான இடம். வாயிலிலே காவல், சுற்றிலும் வேலி, அனுமதிச் சீட்டு இல்லாதவனுக்கு உள்ளே இடமில்லை. அந்த வேலிக்குள்ளே இருக்கும் 40-ஆம் எண் ஏவுமேடையை 2007-இலேயே ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. 36-ஆம் எண் மேடையை 2015-இல் ப்ளூ ஆரிஜின் கம்பெனி பெற்றது. மேற்குக் கரையிலே, கலிபோர்னியாவின் வாண்டன்பெர்க் படைத்தளத்திலும் இதே ஏற்பாடுதான். நிலம் பட்டாளத்தினுடையது, இராக்கெட்டும் இலாபமும் கம்பெனியினுடையவை.

இதைக் கண்டு, சர்க்காரின் பிடி தளர்ந்தது, தனியார் சகாப்தம் பிறந்தது என்று ஆர்ப்பரிப்போர் உளர். பட்டாளத்தையே வணிகர்கள் விலைபேசி விட்டனர் என்று அஞ்சுவோரும் உளர். இரு சாராரும் இதைப் புதுமை என்றே கருதுகின்றனர். புதுமையன்று நண்பர்களே! பட்டாளத்து நிலத்திலே தனியார் இராக்கெட் விட்ட கதை 1930-இலேயே தொடங்கிவிட்டது. அந்தக் கதையிலே பதினெட்டு வயது இளைஞராக நுழைந்து, அறுபத்தைந்து வயதிலே மறையும்வரை, வேலி மாற்றி வேலி, கொடி மாற்றிக் கொடி என்று வாழ்ந்தவர் ஒருவர் உண்டு. சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய இராக்கெட்டைச் சமைத்தவர் என்று உலகம் அவரை அறியும். அவர் வாழ்வை இன்று நாம் அந்த வேலிகளின் வழியே பார்ப்போம்.

வெர்னர் வான் பிரான் 1912 மார்ச் 23-இல் விர்சிட்ஸ் என்ற சிற்றூரிலே பிறந்தார். அன்று அது ஜெர்மனி, இன்று போலந்து. பெயரிலே இருக்கும் வான், நம் வானம் அன்று. உயர்குடியினர் தம் பெயருக்கு நடுவே செருகிக்கொள்ளும் அடையாளம் அது. நம் நாட்டிலே பெயருக்குப் பின்னால் வால் ஒட்டுவார்கள்; அந்நாட்டிலே நடுவே ஒட்டினார்கள், அவ்வளவுதான் வேறுபாடு! தந்தை நிலக்கிழார், 1932-இல் ஜெர்மன் மந்திரிசபையிலே விவசாய மந்திரியாகவும் அமர்ந்தவர். தாய் படித்த மாதரசி. மகனுக்கு ஞானஸ்நான உறுதிச் சடங்கு நடந்தபோது, அந்த அம்மையார் பரிசாகத் தந்தது ஒரு தொலைநோக்கி.

பையனோ படிப்பிலே சூரன் அல்லன். கணக்கு வரவில்லை. விளையாட்டு வண்டியொன்றிலே வாணங்களைக் கட்டி, பெர்லின் நகரத்துத் தெருவிலே கொளுத்திவிட்டு, போலீசாரிடம் பிடிபட்டவன். பிறகு ஹெர்மன் ஓபெர்த் என்பவர் 1923-இல் எழுதிய இராக்கெட் நூல் கையிலே கிடைத்தது. புரட்டிப் பார்த்தான், பக்கமெல்லாம் கணிதக் குறிகள்! விண்ணுக்குப் போக வேண்டுமானால் கணக்கு வேண்டும் என்பது புரிந்தது. அதன்பின் கணக்கிலே அவனை மிஞ்ச வகுப்பிலே ஆளில்லை.

1930. உலகமெங்கும் பொருளாதார மந்தம். ஜெர்மனியிலே வேலையில்லாத் தொழிலாளர் தெருத்தெருவாக நின்றனர். அந்த ஆண்டு செப்டம்பரிலே, பெர்லினுக்கு வடக்கே, பாழடைந்து கிடந்த பட்டாளத்து வெடிமருந்துக் கிடங்கு ஒன்றைப் பெயரளவு வாடகைக்குப் பெற்றது ஒரு சங்கம். விண்வெளிப் பயணச் சங்கம் என்று பெயர். சங்கத்தாரிடம் பணமில்லை. கை நிறையக் கனவு இருந்தது. வேலையற்ற கம்மியர் பலர் அந்தக் கிடங்கிலேயே குடியிருந்து, வாடகைக்குப் பதிலாக உழைப்பைத் தந்தனர். கடை கடையாக ஏறி இறங்கி இரும்பையும் எரிபொருளையும் இனாமாகக் கேட்டு வாங்கி, சின்னஞ்சிறு இராக்கெட்டுகளைச் செய்து பறக்கவிட்டனர். பள்ளிப்படிப்பு முடித்த வான் பிரான் அங்கே எடுபிடியாகச் சேர்ந்தார்.

பட்டாளத்து நிலத்தைத் தனியாரோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டின் முதல் அத்தியாயம் இது. நல்ல அத்தியாயம் என்றே நாம் கூறுவோம். வேலி இருந்தது, ஆனால் கதவு திறந்திருந்தது. பத்திரிகைக்காரர் வந்தனர், பொதுமக்கள் சீட்டு வாங்கி வேடிக்கை பார்த்தனர். பறந்ததையும் கண்டனர், வெடித்ததையும் கண்டனர்.

ஆனால் நிலத்தை வாடகைக்கு விட்டவன் நிலத்தை மறப்பானா? முதல் உலகப் போரிலே தோற்ற ஜெர்மனிக்கு, கனரகப் பீரங்கி வைத்துக்கொள்ளக் கூடாதென்று வெர்சேல்ஸ் ஒப்பந்தம் விலங்கு பூட்டியிருந்தது. அந்த ஒப்பந்தத்திலே இராக்கெட் என்ற சொல் இல்லை. சட்டத்திலே சந்து கண்டால் வக்கீல் மகிழ்வார். இங்கே தளபதிகள் மகிழ்ந்தனர். 1932-இல் கும்மர்ஸ்டார்ஃப் என்ற இடத்துப் பட்டாளத்துப் பயிற்சித் திடலிலே சங்கத்தாரின் இராக்கெட் ஒன்றை ஏவிக் காட்டச் சொன்னார்கள். ஏவினார்கள், சிறிது உயரம் எழும்பிப் பாதை தவறிப் போயிற்று. அதிகாரிகளுக்கு இராக்கெட் பிடிக்கவில்லை. அந்த ஆடம்பர விளம்பரமும் பிடிக்கவில்லை. பிடித்தது ஒன்றே ஒன்று: துருவித் துருவிக் கேட்ட கேள்விகளுக்குத் தயங்காமல் விடையளித்த அந்த இருபது வயது இளைஞர்! பணம் தருகிறோம், இடம் தருகிறோம், ஆனால் எல்லாம் எங்கள் வேலிக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு என்றார்கள். சங்கத்தின் மூத்தவர் ருடால்ப் நேபெல் மறுத்தார். வான் பிரான் இசைந்தார். 1932 இறுதியிலே கும்மர்ஸ்டார்ஃபுக்குக் குடிபெயர்ந்தார். 1934-இல் அவர் எழுதிய டாக்டர் பட்ட ஆய்வுரைகூட இராணுவ இரகசியம் என்று பூட்டி வைக்கப்பட்டது.

சங்கம் என்ன ஆயிற்று? பாழடைந்த கட்டடங்களிலே குழாய்கள் ஒழுகின. ஒழுகிய தண்ணீருக்கெல்லாம் பெருந்தொகை கேட்டுச் சீட்டு வந்தது. கட்ட வழியில்லை. கிடங்கு கைவிட்டுப் போயிற்று. நாஜிகள் ஆட்சியிலே, இராக்கெட் பற்றி வெளியிலே பேசுவதே ஆபத்தாயிற்று. தண்ணீர்ப் பாக்கியிலே ஒரு விஞ்ஞானச் சங்கம் மூழ்கியது வேறெங்கும் நடந்ததாக நாம் அறியோம்.

கும்மர்ஸ்டார்ஃப் போதவில்லை. பால்டிக் கடலோரத்துப் பீனமுண்டே என்ற மீனவ ஊரை நினைவூட்டியவர் வான் பிரானின் தாயார். அவருடைய தந்தை வாத்து வேட்டையாடப் போன இடம் அது. 1937-இல் தரைப்படை ஒரு பக்கம், விமானப்படை மறுபக்கம் என்று அந்த மண்ணைப் பங்கு போட்டுக்கொண்டன. மீனவர்கள் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டிலே வான் பிரான் நாஜிக் கட்சியின் உறுப்பினரானார். 1940-இல் எஸ்.எஸ். என்ற கொடும்படையிலும் சேர்ந்து, மேஜருக்கு நிகரான பதவிவரை உயர்ந்தார். கட்டாயத்தால் சேர்ந்தார் என்று அவர் சார்பிலே வாதாடுவோர் உண்டு. 1944 மார்ச்சிலே கெஸ்டாபோ இரகசியப் போலீசார் அவரைக் கைது செய்து இரண்டு வாரம் சிறை வைத்ததும் உண்மையே. அதை மறைக்கும் எண்ணம் நமக்கில்லை. ஆனால் அந்தக் கைதுக்கு முன்னும் பின்னும் நடந்ததையும் மறைப்பதற்கில்லை.

1942 அக்டோபர் 3. அவருடைய பெரிய இராக்கெட் 80 கிலோமீட்டருக்கும் மேலே எழும்பிற்று. பின்னாளிலே வி-2 என்று உலகம் நடுங்கியது அதைத்தான். 1943 ஆகஸ்டு 17 நள்ளிரவு தொடங்கி ஆங்கிலேய விமானங்கள் பீனமுண்டேயைக் குண்டுவீசித் தகர்த்தன. அன்று மாண்டவரிலே பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். அயல்நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டுக் கொட்டகைகளிலே அடைக்கப்பட்டிருந்த கூலிகள்.

உற்பத்தி, நார்தௌசன் நகருக்கருகே மலையைக் குடைந்த சுரங்கத்துக்குப் போயிற்று. இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சுரங்கத்தை நடத்தியது பெயரளவிலே பட்டாளமன்று. மிட்டல்வெர்க் என்னும் லிமிடெட் கம்பெனி! பங்கு முதல் சர்க்காருடையது. கணக்கும் கைச்சாத்தும் கம்பெனியினுடையவை. 12,000 இராக்கெட்டுகள், ஒன்றுக்கு 40,000 மார்க் என்று பட்டாளம் அக்கம்பெனியோடு ஒப்பந்தம் எழுதிற்று. கைதிகளை எஸ்.எஸ். படை நாள்கூலிக்குக் கம்பெனிக்கு விட்டது. கூலி யாருக்கு? எஸ்.எஸ்ஸுக்கு. கைதிக்குச் சவுக்கடி! சூரியனைக் காணாமல் மாதக்கணக்கிலே சுரங்கத்துக்குள்ளேயே உறங்கினர். பிரெஞ்சுக்காரர், ரஷ்யர், போலந்துக்காரர் என்று சுமார் 60,000 பேர் டோரா முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். சுமார் 20,000 பேர் மீளவில்லை. 1944 செப்டம்பரிலிருந்து இலண்டன் மீதும் ஆன்ட்வெர்ப் மீதும் அந்த இராக்கெட்டுகள் விழுந்தன. விழுந்து கொன்றவர்களைக் காட்டிலும், செய்யப்படும்போதே கொன்றவர்கள் அதிகம்.

வான் பிரான் அந்தச் சுரங்கத்துக்குப் பலமுறை போய்வந்தார். 1944 ஆகஸ்டு 15-இல் அவர் எழுதிய கடிதமொன்று எஞ்சியிருக்கிறது. புகன்வால்ட் சிறைமுகாமுக்குத் தாம் நேரிலே சென்று, தொழில் தெரிந்த கைதிகளைத் தேடியதையும், அவர்களைச் சுரங்கத்துக்கு மாற்றும் ஏற்பாட்டையும் அதிலே குறித்திருக்கிறார். பட்டாளம் கம்பெனியைக் காட்டலாம், கம்பெனி எஸ்.எஸ்ஸைக் காட்டலாம், எஸ்.எஸ். மேலிடத்தைக் காட்டலாம். வேலி எழுப்புவது வெளியார் உள்ளே வராதிருக்க மட்டுந்தானா? உள்ளே நடப்பதற்கு வெளியார் கணக்குக் கேளாதிருக்கவும்தான்.

1945 மே 2. ஆல்ப்ஸ் மலைச்சாரலிலே, விபத்திலே முறிந்த கையிலே கட்டுடன், அமெரிக்கப் படையிடம் சரணடைந்தார். முதலிலே தம்பியை மிதிவண்டியில் அனுப்பிச் சரணாகதியை அறிவித்தாராம்! அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அமெரிக்கா சேர்ந்தார். டெக்சாசிலே ஃபோர்ட் பிளிஸ் என்ற படைத்தளம் வீடாயிற்று. நியூ மெக்சிகோவிலே வெள்ளை மணல் சோதனைத் திடல் களமாயிற்று. கொடி மாறியது, வேலி மாறவில்லை. 1947 மே 29-ஆம் நாள் அத்திடலிலிருந்து வடக்கே போகவேண்டிய இராக்கெட் தெற்கே திரும்பி, நாட்டு எல்லையையே தாண்டி, மெக்சிகோவின் ஹுவாரஸ் நகரத்துக் கல்லறைத் தோட்டத்தருகே விழுந்து பெரும்பள்ளம் பறித்தது. நல்லவேளை, ஒருவரும் சாகவில்லை. வேலி மனிதரைத் தடுக்கும், இராக்கெட்டைத் தடுக்குமோ?

1950-இல் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரிலே இருந்த ரெட்ஸ்டோன் ஆயுதச்சாலைக்கு மாறினார். ரெட்ஸ்டோன் மண்ணுக்கும் ஒரு முற்கதை உண்டு. 1941-இலே பட்டாளம் அதை எடுத்துக்கொண்டபோது நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. அவர்களிலே பலர் கறுப்பின உழவர். பருத்தி விளைந்த வயலிலே குண்டு விளைந்தது, பின்பு இராக்கெட் விளைந்தது. 1955-இல் வான் பிரான் அமெரிக்கக் குடிமகனானார். ஏட்டிலும் டெலிவிஷனிலும் விண்வெளிப் பயணம் பற்றி விளக்கி நாடறிந்த நாயகரானார். டோராவைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

1957 அக்டோபரிலே ரஷ்யாவின் ஸ்புட்னிக் பறந்தது. டிசம்பரிலே அமெரிக்கக் கடற்படையின் வான்கார்டு, மேடையிலேயே தீப்பற்றிச் சரிந்தது. 1958 ஜனவரி 31-இல் வான் பிரான் குழுவின் இராக்கெட், எக்ஸ்புளோரர் என்ற முதல் அமெரிக்கத் துணைக்கோளைக் கேப் கனாவெரலிலிருந்து ஏற்றிச் சென்றது. பிறகுதான் வேலிக்குள் ஒரு விந்தை நிகழ்ந்தது. விண்வெளி, பட்டாளத்துக்கா, சிவிலியன்களுக்கா என்ற வழக்கிலே சிவிலியன் பக்கம் வென்று, நாசா பிறந்தது. 1960 ஜூலை 1-இல் வான் பிரானும் அவர்தம் ஆட்களும், ஆயிரக்கணக்கிலே, பட்டாளத்துப் பட்டியலிலிருந்து நாசாப் பட்டியலுக்கு மாறினர். இடம் மாறினார்களா? இல்லை. ரெட்ஸ்டோன் ஆயுதச்சாலைக்குள்ளேயே சுமார் 1,800 ஏக்கர் நாசாவுக்கு ஒதுக்கப்பட்டது. மார்ஷல் விண்வெளி மையம் இன்றும் அந்தப் பட்டாளத்து வேலிக்குள்ளேதான் இருக்கிறது. பலகை மாறினால் மண் மாறுமா?

1962 ஜூலை 10-இல் வணிகமும் உள்ளே நுழைந்தது. ஏ.டி. அண்டு டி. என்ற டெலிபோன் கம்பெனி தன் சொந்தப் பணத்திலே செய்த டெல்ஸ்டார் துணைக்கோளை, ஏவுகூலியும் தானே கொடுத்து, கேப் கனாவெரலிலிருந்து ஏவச்செய்தது. விமானப்படை நிலம், நாசா இராக்கெட், கம்பெனிச் சரக்கு! இன்று புதுமை என்று வியக்கிறார்களே, அதன் அச்சு அசலை நம் தந்தையர் காலத்திலேயே பார்த்தாயிற்று.

சந்திரப் பயணத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1969 ஜூலை 16-இல் புறப்பட்ட அப்போலோவை அறியாதார் யார்? சாட்டர்ன்-5 இராக்கெட் பதின்மூன்று முறை ஏவப்பட்டது. ஏறியவர் ஒருவர்கூட அதனால் உயிரிழக்கவில்லை. அந்த ஆற்றலை நாம் குறைத்துப் பேசமாட்டோம்.

1972-இல் நாசாவை விட்டு விலகி, ஃபேர்சைல்டு என்ற தனியார் கம்பெனியிலே துணைத்தலைவரானார். அக்கம்பெனி செய்த ஏ.டி.எஸ்.-6 துணைக்கோள்தான் 1975-76-இல் இந்தியாவின் ஆறு மாநிலங்களிலே 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டியது. அந்த ஆறிலே தமிழ்நாடு இல்லை என்பதையும் சொல்லிவைப்போம்.

கடைசிக் காலத்திலே அவர் ஆலோசனை கூறிய இன்னொரு கம்பெனி ஓட்ராக். லூட்ஸ் கைசர் என்ற ஜெர்மானியர் தொடங்கியது. சர்க்கார் உதவியின்றித் தனியார் பணத்திலேயே மலிவான இராக்கெட் செய்வோம் என்று கிளம்பிய கம்பெனி. பட்டாளத்து நிலம் வேண்டாமென்றது. பின் நிலத்துக்கு எங்கே போவது? ஆப்பிரிக்காவிலே ஜைர் நாட்டுச் சர்வாதிகாரி மொபுட்டுவிடம் போயிற்று. சுமார் 1,00,000 சதுர கிலோமீட்டர் குத்தகை! தமிழ்நாடு முழுவதும் சேர்ந்தாலே 1,30,000-தான். அங்கே குடியிருப்போரை வெளியேற்றும் உரிமையும் ஒப்பந்தத்திலே அடக்கம். பட்டாளமில்லாத கம்பெனி, தானே ஒரு பட்டாளத்தின் அதிகாரத்தை வாங்கிக்கொண்டது. 1977 மே மாதத்திலே முதல் சோதனை இராக்கெட் எழும்பிற்று. ஜூன் 16-ஆம் நாள் வான் பிரான் புற்றுநோயால் மறைந்தார். 1979-இல் மொபுட்டுவே கம்பெனியை வெளியேற்றினார்.

அவருக்குப் பின்? 1984-இலே அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. சர்க்காரின் ஏவுமேடைகளைக் கம்பெனிகள் பயன்படுத்தலாம். நேரடியாக ஆகும் செலவை மட்டும் கொடுத்தால் போதும். சாலை, காவல், துறைமுகம் எல்லாம் வரிகொடுப்போன் தலையிலே. அந்தப் பொதுச்செலவிலும் ஒரு பங்கைக் கம்பெனிகளிடம் பெற, 2023 டிசம்பரிலேதான் சட்டம் வழிசெய்தது. நாற்பதாண்டு காலம் கழித்து! அதே 1984-இலே இன்னொன்றும் நடந்தது. சாட்டர்ன்-5 திட்டத்தின் மேலாளராக விளங்கிய ஆர்தர் ருடால்ப், முன்னர் டோராச் சுரங்கத்திலே உற்பத்தியை நடத்தியவர். சுரங்கக் கைதிகள் பற்றி நீதி இலாகா விசாரிக்கத் தொடங்கியதும், குடியுரிமையைத் துறந்து அமெரிக்காவை விட்டே போனார். வான் பிரான் இருந்திருந்தால் அவரிடமும் கேட்டிருப்பார்களோ?

ஸ்பேஸ்எக்ஸ் தன் முதல் இராக்கெட்டை வாண்டன்பெர்க்கிலிருந்தே ஏவ நினைத்தது. பக்கத்து மேடையிலே பட்டாளத்தின் உளவுத் துணைக்கோள் காத்திருந்தது. அது போகும்வரை பொறு என்றது விமானப்படை. 2005-இல் கம்பெனி மூட்டை கட்டி, பசிபிக் மாகடலிலே குவாஜலின் பவளத்தீவுக்கூட்டத்துக்குப் போனது. அதுவும் அமெரிக்கத் தரைப்படையின் சோதனைக் களமே. 2008 செப்டம்பர் 28-இல் அங்கே வெற்றி கண்டது. அந்தத் தீவுக்கூட்டத்தின் மக்கள் எங்கே? 1960-களிலே சோதனைக்காகப் பல தீவுகளிலிருந்து அகற்றப்பட்டு, சுமார் 80 ஏக்கர் கொண்ட எபெய் என்ற தீவிலே ஆயிரக்கணக்கிலே நெருங்கி வாழ்கின்றனர். தளத்திலே வேலைக்குக் காலையிலே படகேறிப் போகிறார்கள். மாலையிலே படகேறித் திரும்புகிறார்கள்.

இன்று வாண்டன்பெர்க்கிலே நடப்பதைக் கேளுங்கள். ஸ்பேஸ்எக்ஸ் ஏவும் இராக்கெட்டுகளிலே பெரும்பாலானவை சுமப்பது அக்கம்பெனியின் சொந்த ஸ்டார்லிங்க் துணைக்கோள்களை. காசு வாங்கி இணையத் தொடர்பு விற்கும் வியாபாரம் அது. ஆண்டுக்கு 36 என்றிருந்த ஏவுதலை 50 ஆக்க வேண்டுமென்றபோது, கலிபோர்னியாவின் கடற்கரை ஆணையம் கேட்டது: வியாபாரத்துக்கு ஏவுகிறவர் எங்களிடம் அனுமதி பெறவேண்டாமா? விமானப்படை இலாகா விடை சொன்னது: இவை நாட்டின் பாதுகாப்புக்கும் பயன்படுவன, ஆகவே எங்கள் காரியம், கம்பெனி உங்களிடம் வரவேண்டியதில்லை! 2024 அக்டோபர் 10-இல் ஆணையம் 6-க்கு 4 என்ற வாக்கிலே திட்டத்தை நிராகரித்தது. அதே மாதம் கம்பெனி வழக்குத் தொடுத்தது. 2025 அக்டோபரிலே விமானப்படை இலாகா, ஆண்டுக்கு 100 வரை ஏவலாம் என்று தானே முடிவெழுதிக்கொண்டது. சான்டா பார்பராவிலும் வென்சுராவிலும் வீடுகளிலே இருப்போர், வெடியோசை கேட்டு ஜன்னல் அதிரும்போதெல்லாம் புகார் எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பட்டாளத்துக்கு அனுப்புவதா, கம்பெனிக்கு அனுப்புவதா என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.